ஐந்நூற்று அறுபத்தேழு பவுன்

கழனிவாசல் தாண்டி, பழைய நெல் மண்டிக்குள்
நாலு லேன் போட்டிருக்கிறார்கள்.
ஆண்டுக் கணக்கு முடிந்த சனிக்கிழமை
வங்கியே திரண்டு போனோம்.
வெளியே பங்குனி வெயில்.
உள்ளே முந்தின ஆளின் சூடு ஆறாத வாடகை ஷூ,
முட்டைச் சுண்ணாம்புச் சுவரொன்றைப்
படுக்கப் போட்டதுபோல் மினுங்கும் மரத்தரை.

வரிசையாய் உருண்டைகள். ஆறு, எட்டு, பத்து, பதினாறு வரை.
"என்ன நம்பர் தம்பி இது?"
"பவுண்டு, மேடம்" என்றான் பிரிட்டோ.
எனக்குப் பவுன் என்று கேட்டது.

பதினேழு வருஷமாய் நான் நிறுப்பது அது ஒன்றைத்தான்.
கல்லில் உரசி, அமிலம் விட்டு,
அரக்கைக் கழித்து, சிவப்புக் கல்லைக் கழித்து,
மில்லிகிராம் பிசகாமல் எழுதி
கீழே கையெழுத்துப் போடும் கை.

"உங்க வெயிட்டுல பத்துல ஒரு பங்கு, மேடம்.
புதுசுன்னா ரெண்டு பவுண்டு குறைச்சுக்கலாம்.
எவ்வளவு இருப்பீங்க?"
மேனேஜர் அருளப்பன் நிற்கிறார்.
தேனம்மை நிற்கிறாள்.
கேஷ் கவுண்டர் சுந்தரேசன்
நகத்தைப் பார்க்கிற பாவனையில்
காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்.
"அம்பத்தி நாலு."

அறுபத்தேழு.

போனில் பெருக்கி, வகுத்து, கழித்து
"பத்து எடுங்க" என்றான்.

மேனேஜருக்குப் பதினாறு. யாரும் சொல்லவில்லை, அவரே எடுத்தார்.
ஒரு பக்கம் மட்டும் குடம் சுமப்பவர்போல் சாய்ந்து போனார்;
முதல் வீச்சில் எட்டு கட்டை விழுந்தது.
மூன்றாவதில் உருண்டை போகும் முன்
அவர் முழங்கால் போனது.
தேனம்மையின் ஆறு பவுண்டு அம்பாய்ப் பாய்ந்தது;
கட்டைகளில் மோதியதும்
மன்னிப்புக் கேட்பதுபோல் ஒதுங்கி நழுவியது.

என் பத்தில் கட்டைவிரல் நுழையவில்லை.
உரைகல்லைப் பிடித்துப் பிடித்து
முட்டி தடித்த விரல்.
பன்னிரண்டில் நுழைந்தது.
உண்மையைச் சொல்லியிருந்தால்
முதலிலேயே வந்திருக்கும் உருண்டை அது.
விரல் சரி என்றது,
மணிக்கட்டு வேண்டாம் என்றது,
நான் விரல் பேச்சைக் கேட்டேன்.
இரண்டு வீச்சு நேராய்ப் போனது.
அப்புறம் தோள் இறங்கி, இடுப்பு பின்தங்கி,
ஓரக் கால்வாயில்
நேர்த்திக்கடன்போல உருண்டது, நாலு தடவை.

மேசைக்கு அடியிலிருந்து ஒன்றைத் தள்ளினான் பிரிட்டோ.
நீலம். அதுவும் பத்துதான்.
யாரோ துளையைப் பெரிதாக்கச் சொல்லிவிட்டு
திரும்பி வரவேயில்லையாம்.
விரலை விட்டேன். சுற்றினேன்.
உரசவில்லை; இழுத்தபோது சத்தமில்லாமல் வந்தது.
நடுவிரலும் மோதிரவிரலும்
இரண்டாம் கணுவரை இறங்கி உட்கார்ந்தன.
இடக்கையை அடியில் கொடுத்து ஏந்தினேன், பழக்கதோஷம்:
நாலு கிலோ ஐந்நூறு சொச்சம்,
எட்டால் வகுத்தால் ஐந்நூற்று அறுபத்தேழு பவுன்.
லாக்கர் அறையில்கூட
இத்தனையை ஒரே கையில் தூக்கியதில்லை.

நான் வீசவில்லை. கையைத் தொங்கவிட்டேன்.
அதுவே பின்னால் போனது, அதுவே முன்னால் வந்தது,
எங்கே விடவேண்டும் என்பதை மட்டும்
என்னிடம் விட்டுவைத்தது.
ஏழு கட்டை. அடுத்த தடவை ஒன்பது.
மோதிய பிறகும் தன் வழியே போனது, ஒதுங்கவில்லை.
"கரெக்ட் வெயிட், மேடம்" என்றான் பிரிட்டோ.
"கணக்குப்படிதான் வந்திருக்கு."

நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை மணிக்கட்டு இன்னும் லேசாய் வலித்தது.
புதுவயலிலிருந்து வந்த ஒரு அம்மா
சங்கிலியை வைத்து
"அஞ்சு பவுன் இருக்கும்" என்றார்.
தராசு நாலே காலில் நின்றது.
வழக்கமாய் நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பேன்.
அன்று தராசை மட்டும் பார்த்து
எழுதினேன்.